கொந்தளிப்பும் ஜன்னல் கண்ணாடியும்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஆவடி குவார்ட்டர்ஸ் வீட்டு ஜன்னல்தான் என் ஆய்வுக்கூடம். ஹைட்ரஜனைச் சூடேற்றிக் காந்தப் புலத்துக்குள் அடைத்தால் அது சும்மா கிடக்காது. சுழித்துக் கொந்தளித்து வெப்பத்தை வெளியே விட்டுவிடும். அந்தக் கொந்தளிப்பைக் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுக் காட்டுவது என் முனைவர் பட்ட வேலை. வடக்கே ஒரு சோதனைக்கூடத்தில் நிஜமாகவே அளந்த வரைபடம் தபாலில் வந்திருந்தது. அதை டிரேசிங் பேப்பரில் எடுத்து, என் பிரிண்ட் அவுட்டின் மேல் வைத்து, வெயில் விழும் கண்ணாடியில் அழுத்திப் பிடித்தேன்.

கொந்தளிப்பின் அளவைக் காட்டும் என் கோடு அவர்களுடையதைவிட இரண்டு மடங்கு உயரத்தில் நின்றது. அழுகையே வந்துவிட்டது. திங்கட்கிழமைக்குள் பொருந்தாவிட்டால் அந்த அத்தியாயத்தையே எடுத்துவிடச் சொல்லியிருந்தார் என் பேராசிரியர். மூன்று வருட உழைப்பு! புரோகிராமில் ஒரே ஒரு எண்ணைக் குறைத்தால் போதும், கோடு இறங்கிவிடும். யாருக்கும் தெரியப்போவதில்லை. கை அரித்தது.

அப்போதுதான் என் கணவர் ஷிப்ட் முடிந்து வந்தார். தொழிற்சாலையில் அவருக்கு இன்ஸ்பெக்ஷன் வேலை. பாகம் அளவு தப்பினால், அதைக் குறை சொல்லும் முன் அளந்த கருவியைச் சோதிப்பது அவர்கள் பழக்கம்.

"இன்னா, மூஞ்சி இப்டி கீது?" என்றார். கோடு பொருந்தாததைச் சொன்னேன். "அவங்க எந்த கேஜ்ல அளந்தாங்களாம்?"

"இது ஒண்ணும் போல்ட்டு நட்டு இல்ல. சும்மா இருங்க."

"கோச்சிக்காத. பாத்துட்டுத்தான் சொல்லேன்."

அவர் வாயை அடைக்கவே, வரைபடத்தோடு வந்த கடிதத்தை எடுத்தேன். கடைசிப் பத்தியில் இருந்தது: சூடான ஹைட்ரஜன் விடும் வெளிச்சத்தை அவர்கள் லென்ஸ் ஒரு விரல் அகலத்துக்கு மொத்தமாகச் சேர்த்தே அளக்குமாம். அதைவிடச் சின்னச் சுழிகள் அதற்குத் தெரியாது. நானோ அத்தனை சுழிகளையும் எண்ணி வைத்துக்கொண்டு ஒப்பிட்டிருக்கிறேன்! தலையில் நானே குட்டிக்கொண்டேன்.

மறுநாள் பல்கலைக்கழகத்துக்குப் போய், என் கணக்கின் விடையையும் விரல் அகலத்துக்குச் சராசரி எடுத்தேன். புதிய தாளோடு ரயிலேறி வந்து ஜன்னலில் வைத்தால், ஓரத்தில் மட்டும் கொஞ்சம் விலகி, மற்றபடி கோட்டின் மேல் கோடு.

"சோக்கா ஒக்காந்துகினு கீது!" என்று அவர் கத்தியதில் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. அன்று அந்த வரிசைக்கே கேசரி கிண்டினேன்.

திங்கட்கிழமை பேராசிரியர் தாளை வெகுநேரம் பார்த்தார்.

"எந்த நம்பரை மாத்தினே?"

"ஒண்ணையும் மாத்தல, சார்."

அதைச் சொன்னபோது என்மேல் எனக்கே அவ்வளவு பிரியம் வந்தது.