ஒரு படி உப்புக்குத் தம்பி

என் தம்பியை விற்கத்தான் வேளாங்கண்ணிக்குப் போகிறோம் என்று, மரக்காணத்தில் ஏறிய பஸ் புதுச்சேரியைத் தாண்டியதும் மாமா எனக்குச் சொன்னார். அம்மாவின் தம்பி அவர். முகம் மாறாமல் பொய் சொல்வதில் அவரை மிஞ்ச ஆளில்லை. அன்று அவர் சொன்னதில் பாதி நிஜம் என்பதுதான் என் கெட்ட நேரம்.

தம்பி பிறந்த மறுமாதமே வலிப்பு வந்து விழி சொருகிவிட்டது. நாங்கள் ஞானஸ்நானம் வாங்கிய குடும்பமில்லை. ஆனாலும் பிள்ளை பிழைத்தால் உனக்கே தந்துவிடுகிறேன் என்று அம்மா மாதாவிடம் வேண்டிக்கொண்டாள். பிழைத்துக்கொண்டான். அப்படிக் கொடுத்த பிள்ளையைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுவர எங்கள் உப்பளத்து ஜனங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. மாதா குளத்துக்குப் போகும் மணல் பாதையோரம் பிள்ளையைக் கிடத்திவிட வேண்டும். அதன்பிறகு வீட்டு ஆட்கள் தொடக் கூடாது. வேறொருவர் ஒரு படி உப்பைக் காணிக்கையாகக் கொட்டிப் பிள்ளையை எடுத்து, தாயிடம் கொடுக்க வேண்டும். பெரும்பாலும் அது தாய்மாமன் வேலை.

தாயிடம் திருப்பிக் கொடுப்பதை மட்டும் மாமா என்னிடம் சொல்லாமல் விட்டுவிட்டார். அதற்குப் பதிலாகக் கோயிலின் கதையைச் சொன்னார். குளக்கரையில் பால் கொண்டுபோன பையனிடம் மாதா தன் பிள்ளைக்குப் பால் கேட்டது, நடக்க முடியாத மோர்க்காரப் பையன் எழுந்து ஓடியது, புயலில் மாட்டிய போர்த்துகீசியக் கப்பல்காரர்கள் கரை சேர்ந்தால் கோயில் கட்டுவதாக வேண்டி அப்படியே கட்டியது, எல்லாம்.

"வெள்ளக்காரனே சொன்ன வாக்க மீறல, பாத்தியா பாப்பா? மாதாகிட்ட சொன்னா சொன்னதுதான். யாரு உப்பு கொட்டறாங்களோ அவங்களுக்குத்தான் உன் தம்பி."

அதன்பிறகு வேளாங்கண்ணி வரும்வரை தம்பியின் காலை நான் விடவில்லை.

கொடியேறிய திருவிழா நாள். உச்சி வெயில். காவி உடுத்தவர்கள் மணலில் முழங்காலிட்டு நகர்ந்துகொண்டிருந்தார்கள். அப்பா பாதையோரம் துண்டை விரித்தார். அம்மா தம்பியைக் கிடத்திவிட்டு விலகி நின்றாள். மாமா உப்பு மூட்டைக்காகத் தோளைத் தடவினார். தோளில் ஒன்றுமில்லை. மூட்டை பஸ்ஸிலேயே போய்விட்டிருந்தது. வருஷம் முழுக்க உப்பு வாரும் குடும்பம், உப்பை மறந்துவிட்டு வந்து நின்றோம்.

"ஏம்பா, உன்ன நம்பி ஒரு பொருளக் குடுக்க முடியுதா?" என்றார் அப்பா.

"தோ, கடைல வாங்கியாந்துடறேன்" என்று மாமா கூட்டத்துக்குள் ஓடினார்.

தம்பி வீறிட்டான். சூடு துண்டைத் தாண்டி ஏறியிருக்க வேண்டும். நேரம் ஆக ஆகக் குரல் கம்மிப்போனது.

"கண்ணு சொருகற மாதிரி இருக்குதுங்க. தூக்கிடட்டுமா?" என்றாள் அம்மா.

"தூக்கிட்டா வேண்டுதல் இன்னா ஆவறது?" என்றார் அப்பா. தம்பியைத் தூக்க நான் குனிந்தேன். அவர் என் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டார். அப்படி ஒரு பயத்தை நான் அதற்குமுன் அறிந்ததில்லை.

முழங்காலில் வந்துகொண்டிருந்த ஒரு பெண் எங்கள் எதிரே நின்றுவிட்டாள். அம்மாவைவிட மூத்தவள்.

"யாரு புள்ளங்க இது? இப்படி வெயில்ல கெடக்குது?"

"உப்பு கொட்டிட்டு யாராவது எடுக்கணும்க்கா" என்றாள் அம்மா.

அந்தப் பெண் காணிக்கைக்கு வைத்திருந்த உப்பை மணலில் கொட்டினாள். தம்பியை வாரி எடுத்தாள். அப்போதுதான் அவள் மணிக்கட்டில் தொங்கியதைப் பார்த்தேன். ஒரு மரத்தொட்டில். தொட்டிலோடு வந்திருக்கிறாள் என்றால் எல்லாம் முன்கூட்டியே பேசி முடித்த விஷயம் என்று எனக்கு விளங்கிவிட்டது.

"எங்க தம்பியக் குடுத்துடுங்க" என்று அவள் சேலையைப் பிடித்து இழுத்தேன். அவள் காதில் விழவில்லை. தம்பி அழுகையை நிறுத்தி அவள் தோளில் சாய்ந்துகொண்டான், துரோகி.

இரண்டு கையையும் நீட்டிய அம்மா, அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை இறக்கிக்கொண்டாள்.

"அவசரமில்லக்கா. கொஞ்ச நேரம் வச்சிருங்க."

அம்மாவை அன்று வெறுத்ததுபோல் நான் யாரையும் வெறுத்ததில்லை. உப்பும் கையுமாக ஓடிவந்த மாமாகூட மூச்சு வாங்கியபடி சும்மா நின்றார்.

ரொம்ப நேரம் கழித்து அவள் தம்பியை அம்மாவின் கையில் கொடுத்தாள். அம்மா அந்தத் தொட்டிலை வாங்கி, தம்பியின் காலை அதில் வைத்துப் பார்த்தாள். விரல்கள் மட்டும்தான் அடங்கின. அந்தப் பெண் தொட்டிலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அழுதபடியே முழங்காலில் நகர்ந்து போனாள். தொட்டில் சின்னதாகப் போனதால் தம்பி தப்பித்தான் என்று எனக்கு உயிர் வந்தது.

திரும்பும் வழியில் ஒரு மரத்தடியில் அவளை மறுபடி பார்த்தேன். தொட்டிலைக் கிளையில் கட்டிக்கொண்டிருந்தாள். மரம் முழுக்க அதேபோல் குட்டிக் குட்டித் தொட்டில்கள், எல்லாம் காலியாக ஆடின. பாவம், இத்தனை பேருக்குமா அளவு தப்பிப்போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.