குமுளிக்குக் கொண்டுபோன வைன்

அம்மா குமுளிக்காரி. கம்பத்தை ஒட்டிய எங்கள் தோட்டத்தில் விளையும் பன்னீர் திராட்சையை அப்பா ஜீப்பில் ஏற்றி மலைமேல் குமுளிக்குக் கொண்டுபோய் விற்பார். அங்கே கடை வைத்திருந்த கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண் ஒருநாள் அந்தக் காலி ஜீப்பிலேயே அவருடன் கீழே இறங்கி வந்துவிட்டாள். அன்றோடு அம்மாவுக்குப் பிறந்த வீடு இல்லை. பஸ்ஸில் ஒரு மணி நேரம்தான். எட்டு வருஷமாக அவள் போகவில்லை.

ஆனால் கிறிஸ்துமஸுக்கு முன்னால் வைன் போடுவதை மட்டும் அவள் விடவில்லை. நன்றாகக் கறுத்த பழங்களாகப் பார்த்துக் கழுவி, துணியில் உலர்த்தி, சீனியும் பட்டையும் ஒரு பிடி கோதுமையும் சேர்த்துப் பீங்கான் ஜாடியில் போட்டுக் கட்டிவைப்பாள். தினமும் காலையில் மரக்கரண்டியால் கிண்டிவிடுவது என் வேலை. அந்த நாட்களில் சித்தப்பாவுக்கு அடுப்படிப் பக்கம் ஏதாவது ஒரு ஜோலி வந்துகொண்டே இருக்கும். இருபத்தோராம் நாள் வடிகட்டினால் கறுஞ்சிவப்பாக இறங்கும். ஆளுக்கு ஒரு வாய். மிச்சத்தை அம்மா எடுத்து வைத்துவிடுவாள்.

எனக்கு ஏழு வயதானபோது, குமுளித் தாத்தா படுக்கையில் விழுந்துவிட்டதாக அம்மாவின் தங்கை ரகசியமாகப் போன் செய்தாள். பேச்சே குறைந்துபோன மனுஷன் அன்று காலையில் ஒன்று கேட்டாராம்.

"அவ இப்பவும் வைன் போடுறாளான்னு கேட்டாகளாம்," என்றாள் அம்மா.

"சரி, உன்னைய வரச் சொன்னாகளா?" என்றார் அப்பா.

"அதெல்லாம் சொல்லல. இது போதும்."

மறுநாள் ஒரு பாட்டிலில் வைனை ஊற்றி, துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். புதுச் சேலை. வழியெல்லாம் என் முடியை ஒதுக்கிவிட்டபடியே வந்தாள்.

மலை ஏறியதும் கேரள எல்லைச் சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தினார்கள். காக்கி உடுப்புக்காரர் ஒருவர் பையைத் தொட்டுப் பார்த்து, "இது எந்தா?" என்றார்.

"நன்னாரி சர்பத்து," என்றாள் அம்மா.

அவள் தவறாகச் சொல்கிறாளே என்று எனக்குப் பதைப்பாகிவிட்டது.

"இல்ல சார், வைன்! எங்க தோட்டத்துப் பழம். நாந்தேன் தினமும் கிண்டுனேன்."

அவர் எங்களை இறக்கினார். பாட்டிலைத் திறந்து முகர்ந்தார். என்னைப் பார்த்து, "குட்டி கூட இருக்கு, கேஸொண்ணும் வேண்டா," என்று சொல்லிவிட்டு, ரோட்டோரச் சாக்கடையில் கவிழ்த்தார். கடைசிச் சொட்டு வரைக்கும் அம்மா பார்த்துக்கொண்டு நின்றாள்.

அங்கிருந்து தாத்தா வீடு கூப்பிடு தூரம். அம்மா அந்தத் தெருமுனை வரைக்கும் நடந்தாள். சற்று நேரம் நின்றாள். பிறகு எனக்கு நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கிக் கொடுத்து, என்னோடு திரும்பக் கம்பம் பஸ்ஸில் ஏறினாள்.

"ஜாடியில இன்னும் இருக்குல்ல, அடுத்த வாரம் கொண்டாருவோம்மா," என்றேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஐந்தாம் நாள் தாத்தா இறந்துபோனார். அப்பா ஜீப்பில் கூட்டிப்போனார். மாமா கேட்டைத் திறக்கவில்லை. கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே நின்றுதான் அம்மா தன் அப்பாவைப் பார்த்தாள்.

அப்பாவைப் பார்க்க வந்தேன் என்று அந்த வாசலில் நின்று சொல்ல அவளால் முடியாது. கையில் வைன் இருந்திருந்தால், கேட்டாராமே, கொண்டுவந்திருக்கிறேன் என்று சொல்லியிருக்க முடியும். இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. தெரியாததால்தான், பள்ளிக்கூடத்தில் உண்மை பேசுவதைப் பற்றிப் பாடம் நடந்த அன்று எழுந்து நின்று, போலீஸிடமே உண்மையைச் சொன்ன கதையைச் சொன்னேன். டீச்சர் எல்லோரையும் கைதட்டச் சொன்னார்.

சாயங்காலம் அம்மா எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தபோது அதை அவளிடமும் பெருமையாகச் சொன்னேன். அவள் கை சற்று நின்றது.

"நல்ல புள்ள," என்றாள். பின்னலை முடித்து ரிப்பனைக் கட்டிவிட்டாள்.