அத்தான் பூட்டிவிட்டு வந்த குகை

அக்காவின் கணவர், என் அத்தான், இருபத்தெட்டு வருஷமாகக் குகை வழிகாட்டி. இருநூற்றுப் பன்னிரண்டு படி இறங்கி, பாறையில் சொட்டும் தண்ணீரைப் பற்றி நாளைக்கு ஆறு தடவை பேசுவார். திரும்பும்போது படியடியில் நின்று தலையை எண்ணுவார். எண்ணிக்கை சரியென்றால் குகை விளக்கை அணைத்துவிட்டு, மேலே வந்து கதவைப் பூட்டுவார். இதுவரை ஒரு ஆளைக்கூட உள்ளே விட்டுவிட்டு வந்ததில்லை என்பதைக் கல்யாண வீடு, ஆஸ்பத்திரி என்று பாராமல் யாரும் கேட்காமலே சொல்வார். கூட வேலை பார்ப்பவர்கள் வைத்த பெயர் ‘தலைக்கணக்கு’.

அடுத்த வாரம் அவருக்கு ஓய்வு. அக்கா ஒரு தடவைகூடக் குகைக்கு வந்ததில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. “நான் எதுக்கு? துணி ஊறுது” என்றவளை நானும் அவள் மகளும் கெஞ்சிக் கூத்தாடி அழைத்துப்போனோம்.

குடும்பத்துக்கு டிக்கெட் கிடையாது. அத்தான் டிக்கெட் வைத்திருந்த பதினெட்டுப் பேரை எண்ணினார். சொந்தப் பெண்டாட்டியை யாராவது எண்ணுவார்களா? வீட்டில் “உப்பு”, “துண்டு” என்று ஒற்றைச் சொல்லில் காலம் தள்ளுகிற மனிதர், கீழே வெளுத்து வாங்கினார். கடைசி அறையில் ஒரு பாறைக்குப் பின்னால் பெஞ்சு கிடந்தது. அக்கா அதில் உட்கார்ந்தாள்.

“முட்டி வலிக்குதுடா. நீங்க போங்க, நான் அவரோட வந்துடறேன்.”

இதை நான் அத்தானிடம் சொல்லவில்லை. தப்புதான். நானும் மகளும் முன்னாலேயே ஏறி டீக்கடைக்குப் போய்விட்டோம். அத்தான் அரை மணி கழித்து, சாவியைச் சுழற்றிக்கொண்டு வந்தார்.

“அம்மா எங்கப்பா?”

“உங்களோடதானே வந்தா?”

“உங்களோட வர்றேன்னு சொன்னாளே, அத்தான்...”

அவர் முகத்தில் ஈயாடவில்லை. “ஐயோ, அவ இருட்டுல பாத்ரூமுக்குக்கூடப் போகமாட்டாளேடா!”

ஓடிப்போய்ப் பூட்டைத் திறந்தார். அவர் அந்தப் படிகளைக் கடந்ததை இறங்கினார் என்று சொல்ல முடியாது. மகளை வாசலில் நிற்கச் சொல்லிவிட்டு நானும் பின்னால் ஓடினேன்; படியடியில் விளக்கைப் போட்டது நான்தான். அவருக்கு அந்த நினைப்பே இல்லை.

அக்கா செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். “ஏன் இப்படி மூச்சிரைக்க ஓடி வர்றீங்க?”

“பயந்துட்டியா? என்னை மன்னிச்சிடும்மா.” அத்தான் அழுதார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை.

“மொதல்ல பயமாத்தான் இருந்துச்சு, கத்திக்கூடப் பாத்தேன். அப்புறம் சரியாப் போச்சு. கல்யாணமாகி முப்பது வருஷத்துல, இவ்வளவு நேரம் யாரும் என்னைக் கூப்பிடாம இருந்தது இன்னிக்குத்தான். இன்னும் பத்து நிமிஷம் இருக்கேனே. விளக்கை அணைச்சிட்டுப் போங்க.”

அத்தான் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தார். படியடிக்கு வந்து குகை விளக்கை அணைத்தார். வெளிச்சம் உள்ளே போய்விடும் என்று படிக்கட்டு விளக்கையும் அணைத்தார். பிறகு கடைசிப் படியில் உட்கார்ந்து, நான் இருமப் போனதும் என் வாயைக் கையால் பொத்தினார். நாங்கள் அங்கேயே இருந்தது அக்காவுக்கு இன்றுவரை தெரியாது.