பின் சீட்டில் வந்த அக்கா

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுகிறவன் நான், கோயிலுக்கே மனைவி செல்வி இழுத்தால்தான் போவேன், அதனால் இதை நீங்கள் நம்பாவிட்டால் எனக்கு வருத்தமில்லை, ஆனால் நடந்தது நடந்ததுதான்.

அம்பத்தூரில் ஐ.டி. வேலை, மேனாம்பேட்டில் வாடகை ஃப்ளாட், இருந்தது ஒரு பைக் மட்டும். செல்வி உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்ததும், இந்தக் குண்டு குழியில் இனி பைக் ஆகாது என்று பழைய கார் தேட ஆரம்பித்தேன். ஊரில் அம்மா அப்பாவுக்குக்கூட இன்னும் சொல்லவில்லை, மூன்று மாதம் தாண்டட்டும் என்று செல்விதான் சொல்லியிருந்தாள். ஆன்லைனில் பார்த்துப் பார்த்துக் கண் வலித்த நேரத்தில் நூம்பலில் ஒரு வெள்ளைக் கார் மாட்டியது. ஒரே ஓனர், ஒரு கீறல் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயிலில் இரண்டு பேரும் போனோம். விற்கிறவருக்கு ஐம்பது வயதிருக்கும். "வா சார், வண்டி சும்மா குதிரை மாதிரி கீது, நீயே ஓட்டிப் பாரு" என்று சாவியைக் கொடுத்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். செல்வி பின்னால். வேலப்பன்சாவடி வரை போய்த் திரும்பினோம். கண்ணாடியில் பார்க்கும்போதெல்லாம் செல்வி ஜன்னலோடு ஒட்டி உட்கார்ந்து மெதுவாகப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள், போனில் பேசுகிறாள் என்று விட்டுவிட்டேன். அந்த மனிதர் மட்டும் ஒரு தடவைகூடப் பின்னால் திரும்பவில்லை.

பைக்கில் வீடு திரும்பும்போது செல்வி சொன்னாள். "ஏங்க, அந்தக் கார் வேண்டாங்க. அந்த அக்காவே சொல்லிட்டாங்க."

"எந்த அக்கா?"

"அவர் வீட்டுக்காரம்மாங்க. என் பக்கத்துல உக்காந்து வந்தாங்களே? பொறக்கப்போற புள்ளைய இந்த சீட்டுல வச்சிராதேன்னு என் கையப் புடிச்சிச் சொன்னாங்க."

பைக்கை ஓரம் கட்டினேன். பின் சீட்டில் அவளைத் தவிர யாரும் இல்லை, சத்தியமாக இல்லை. விளையாடுகிறாளோ என்று திரும்பிப் பார்த்தால், என் முகத்தைப் பார்த்த பிறகுதான் அவளுக்கே புரிந்தது, என் சட்டையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"புள்ள விஷயத்த நீ சொன்னியா?"

"நான் எதுக்குங்க சொல்றேன்?"

அங்கேயே நின்று அவருக்குப் போன் போட்டேன். "சார், உங்க வீட்டம்மா நம்மகூட வண்டியில வந்தாங்களா?"

"இன்னா சார், நீயும் அதையே கேக்குற" என்று வைத்துவிட்டார். அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை.

அந்தக் காரை வாங்கவில்லை. மசக்கை, வெயில், பிரமை என்று எனக்கு நானே சொல்லிச் சொல்லி மாதங்களை ஓட்டிவிட்டேன். அடுத்த வாரம் பிரசவத்துக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். நேற்று குழந்தைத் துணிகளை மடித்துக்கொண்டே, அன்றைக்குச் சொல்லாமல் விட்டதைச் செல்வி சொன்னாள். காரிலிருந்து இறங்கி அவர் வீட்டுக்குள்ளே போகும் முன் அந்த அக்கா எங்கள் வீடு எங்கே என்று கேட்டாராம். இவளும் தெருப் பேர், மாடி, கதவு எண் எல்லாம் சொல்லியிருக்கிறாள்.

"புள்ள பொறந்ததும் வந்து பாக்குறேன்னாங்க."