ஒய் அச்சுக்கு ஒரு டிரங்க் கால்

போன வாரம் வீட்டுக்குப் பெயர்ப்பலகை செய்யக் கொடுக்கப் போயிருந்தேன். காந்தி ரோட்டை ஒட்டிய சந்தில் ஒரு சின்னக் கடை. கடைக்காரப் பெண் எங்கள் பெயரைக் கம்ப்யூட்டரில் தட்டினாள், ஒரு பொத்தானை அமுக்கினாள், டீ குடிக்கக் கிளம்பிவிட்டாள். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு குட்டி மெஷின் தன்பாட்டுக்குப் பித்தளையைச் செதுக்கிக்கொண்டிருந்தது. அப்போது வந்தது அந்த வாசனை. சுட்ட உலோகத்தில் எண்ணெய் பட்டு எழும் புகை, வேப்பெண்ணெயும் மண்ணெண்ணெயும் சண்டை போட்டுக்கொண்ட மாதிரி. "அப்புறம் வந்து வாங்கிக்கோங்க ஆன்ட்டி" என்று அவள் சொல்லியும் நான் நகரவில்லை.

ஒரு காலத்தில் என் தாவணியெல்லாம் இந்த வாசனைதான். துவைத்தாலும் போகாது. "நீ டைப் அடிக்கப் போறியா, செக்கு ஆட்டப் போறியா?" என்று அம்மா கேட்பாள். நியாயமான கேள்வி. நான் போனது டைப் அடிக்கத்தான்.

எழுபதுகளின் கடைசி. எங்கள் கிராமம் முசரவாக்கத்திலிருந்து காஞ்சிபுரத்துக்குப் பஸ் பிடித்து வந்து, டைப்பிங்கில் ஹையர் பாஸ் பண்ணியிருந்தேன். எங்கள் ஊரில் அது கிட்டத்தட்ட கலெக்டர் உத்தியோகம். ரயில்வே ஸ்டேஷன் தாண்டி ஏகாம்பரம் என்பவர் ஒரு பட்டறை வைத்திருந்தார். தறிக்கு வேண்டிய இரும்புச் சாமான்கள், பம்பு செட்டுக்கான பாகங்கள் எல்லாம் அங்கே செய்வார்கள். ஆபீஸ் ரூமில் நாற்காலி, தலைக்கு மேலே ஃபேன் என்று அவர் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்ன பிறகுதான் அப்பா என்னை அனுப்பினார். கொஞ்ச நாள் ஃபேன் காற்று வாங்கினேன். அதற்குள் வெளிநாட்டு மெஷின் வந்து சேர்ந்தது.

அது ஒரு மில்லிங் மெஷின். இரும்பையோ அலுமினியத்தையோ மேஜையில் பூட்டிவிட்டால், சுழலும் கத்தி அதைக் குடைந்தும் சீவியும் வேண்டிய உருவத்துக்குக் கொண்டுவரும். அப்படிப்பட்டது பட்டறையில் முன்பே ஒன்று உண்டு, கையால் சக்கரம் சுற்ற வேண்டும். புதிதாக வந்ததை யாரும் சுற்ற வேண்டாம். பக்கத்தில் கல்யாணச் சீர் பீரோ மாதிரி ஒரு இரும்பு அலமாரி, அதற்குப் பெயர் கன்ட்ரோலர். துளை போட்ட காகித நாடாவை அதன் வாயில் கொடுத்தால் அது படித்துப் படித்து மெஷினை நடத்தும். புதிது என்று சொன்னேனே, எங்களுக்குத்தான் புதிது. ஏதோ ஒரு தேசத்தில் உழைத்து ரிட்டயர் ஆனபின் கப்பலேறி வந்தது. கூட வந்த புத்தகம் முழுக்க ஜெர்மன். தறிக்காரக் குடும்பத்தில் பிறந்த முதலாளி நாடாவைக் கையில் எடுத்துப் பார்த்து, புடவையில பூ விழுறதுக்குத் தறியில மாட்டுற ஓட்டை போட்ட ஜக்கார்டு அட்டைதான், கொஞ்சம் இளைச்சிப்போயிருக்குது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

நாடாவில் துளை போடுவதற்கு ஒரு டைப்ரைட்டரும் வந்திருந்தது. எழுத்தைத் தட்டினால் துளை விழும். அதைப் பார்த்ததும் முதலாளிக்குச் சந்தேகமே இல்லை. டைப்ரைட்டர் இருக்கிறது, டைப்பிஸ்டும் இருக்கிறாள், வேறென்ன வேண்டும்? என் நாற்காலி பட்டறைக்குள் போனது. ஃபேன் வரவில்லை.

ஃபோர்மேன் தாவீது அண்ணன் என்னைப் பார்த்ததும் முதலில் சொன்னது, "சடைய முடிஞ்சிக்கினு வாம்மா. அது சுத்த ஆரம்பிச்சா முடி, துணின்னு பாக்காது." பொம்பளைக்கு இங்கே என்ன வேலை என்று கேட்பார் என நினைத்து, அதற்குப் பதில் வேறு தயார் பண்ணி வைத்திருந்தேன். வீணாய்ப் போயிற்று.

கன்ட்ரோலரைப் பொருத்திக் கொடுக்க விற்ற கம்பெனியிலிருந்து ராவ் என்ற இன்ஜினியர் வந்தார். நெல்லூர்ப் பக்கத்துக்காரர், ஒல்லி, சாது. பீரோவின் கதவைத் திறந்தால் உள்ளே பல் வரிசை மாதிரி குட்டிக் குட்டிப் பின்கள். ஒவ்வொன்றையும் எந்தப் பக்கம் செருகுகிறோமோ அதற்கேற்ப மெஷினின் குணம் மாறும். அங்குலத்தில் அளக்குமா, மில்லிமீட்டரிலா? வலது என்றால் எது வலது? எல்லாம் அந்தப் பின்கள்தான். மேஜை இடம் வலமாகப் போவது எக்ஸ் அச்சு, முன்னும் பின்னும் போவது ஒய் அச்சு, கத்தி ஏறி இறங்குவது இசட் என்று எனக்கு அவர் சொல்லிக் கொடுத்தார். எக்ஸையும் இசட்டையும் சரிபண்ணி முடித்த அன்று, டியூப் லைட் வெளிச்சத்தில் அவர் கண்களைப் பார்த்த தாவீது அண்ணன், லைட்டு மேல தப்பா, இவர் மேல தப்பா என்று என் காதில் கேட்டார். மஞ்சள் காமாலை. கீழாநெல்லியை அரைத்துக் கொடுத்துக் காரில் ஏற்றி மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம்.

இங்கேதான் சிக்கல். வெள்ளிக்கிழமை மெட்ராஸிலிருந்து ஒரு பெரிய தொழிற்சாலைக்காரர்கள் மெஷினைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. பிடித்தால் வருஷம் முழுக்க வேலை கொடுப்பார்கள். பிடிக்காவிட்டால் மெஷினை வந்த விலைக்குத் தள்ளிவிடுவது என்று முதலாளி வீட்டில் முடிவாகியிருந்தது. எனக்கும் பழைய ஆபீஸ் வேலை மிஞ்சாது, ஏனென்றால் ஆபீஸில் டைப் அடிக்க அப்படி ஒன்றும் இருந்ததில்லை.

ராவ் இல்லாமலே ஓட்டிப் பார்ப்போம் என்று துணிந்தோம். கத்திக்குப் பதில் ஒரு பென்சிலைப் பூட்டி, மேஜையில் காகிதம் ஒட்டினோம். முதலில் தன் பெயரின் எழுத்துத்தான் வர வேண்டும் என்று முதலாளிக்கு ஆசை. தமிழ் 'ஏ'வின் வளைவுகளுக்கு என் படிப்புப் போதாது என்பதால் இங்கிலீஷ் E என்று சமாதானம் ஆயிற்று. எல்லாம் நேர்க்கோடு. டைப் அடித்து நாடாவைக் கொடுத்தேன். மெஷின் உறுமிற்று, காகிதத்தில் அழகான E. முதலாளி உடனே பூந்தி வாங்கி வரச் சொன்னார்.

தாவீது அண்ணன் மட்டும் பூந்தியைக் கையில் வைத்தபடியே நின்றார். நீ மேலேருந்துதானே எழுதச் சொன்ன, அது கீழேருந்து எழுதுதே என்றார். நான் பூந்தியைக் கீழே வைத்தேன். E என்பது தலைகீழாகக் கவிழ்த்தாலும் E தான்! அவசரமாக ஒரு L அடித்துக் கொடுத்தேன். தலைகீழாக வந்தது. ஒய் அச்சு எதிர்த்திசையில் ஓடுகிறது.

காகிதத்தைத் திருப்பி வெச்சிக்கினா ஆச்சு என்றார் முதலாளி. எண்களுக்கு முன்னால் கழித்தல் குறி போட்டு அடித்துச் சமாளிக்கலாமே என்று எனக்கும் தோன்றியது. ஆனால் வருகிறவர்கள் தாங்கள் கொண்டுவரும் நாடாவைப் போட்டுத்தான் பார்ப்பார்களாம். அவர்கள் நாடாவில் நான் எங்கே குறி போட? பின்னைத்தான் மாற்ற வேண்டும். எந்தப் பின் என்பது அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தது.

டிரங்க் கால் போட்டோம். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டும். வெளியூருக்குப் பேசுவதென்றால் எக்ஸ்சேஞ்சில் சொல்லி வைத்துக் காத்திருக்க வேண்டும். அங்கே இருக்கும் ஆபரேட்டர் லைன் கிடைத்தபின் கூப்பிட்டுச் சேர்த்துவிடுவார். எங்கள் ஆபரேட்டர் வரதன் சார், சின்ன காஞ்சிபுரத்துக்காரர். முகம் தெரியாது. குரல் வெண்கலம். காலையில் சொன்னதற்கு மத்தியானம் லைன் கிடைத்தது. வார்டு நர்ஸ் முதலில் திட்டினார், பிறகு ராவைக் கூட்டி வந்தார். கொரகொரவென்று ஒரே இரைச்சல்.

"சார், ஒய்!" என்று கத்தினேன். "ஒய்! ஒய்!"

நடுவில் வெண்கலம் புகுந்தது. "ஏம்மா, லைன் சரியில்லன்னா அதுக்கு நான் என்ன பண்ணுவேன்? என்னை எதுக்கு ஓய்ங்கறே?"

"சார், உங்கள இல்ல. அது மிஷினோட அச்சு."

"அச்சுக்கு என்ன?"

"தலைகீழா ஓடுது சார்."

சரி, பேசு, நான் குறுக்கே வரலை என்றார். வந்தார். நல்லவேளை வந்தார். காய்ச்சல் கிறக்கத்தில் ராவ் தமிழிலிருந்து மெல்லத் தெலுங்குக்கு நழுவிக்கொண்டிருந்தார். மெயினை அணைத்துவிட்டுக் கைவைக்கச் சொன்னார், இரண்டாவது வரிசை என்றார், அப்புறம் "ஏடு" என்றார். நான் மேஜைமேல் கிடந்த ஜெர்மன் புத்தகத்தை இழுத்து, எந்த ஏடு சார், எத்தனையாவது பக்கம் என்று கேட்டேன். "ஏடு, ஏடு" என்கிறார் அவர். நான் ஏட்டைப் புரட்டுகிறேன்.

"அம்மா, புஸ்தகத்தை மூடு" என்றது வெண்கலம். "ஏடுன்னா தெலுங்குல ஏழு. எங்க தெருவுல பாதிப் பேர் தெலுங்குதான். ஏழாவதைப் புடுங்கித் திருப்பிப் போடச் சொல்றார்."

டிரங்க் காலில் மூன்று நிமிஷத்துக்கு ஒருதரம் கட்டணம் ஏறும்; அன்றைக்கு மூன்று நிமிஷம் ஆயிற்று என்று அவர் எச்சரிக்கவே இல்லை. மறந்திருப்பார் என்றே வைத்துக்கொள்வோம். ரிசீவரை முதலாளி கையில் கொடுத்துவிட்டு ஓடினேன். தாவீது அண்ணன் மெயின் ஃபியூஸைப் பிடுங்கித் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "இப்ப கை வை" என்றார். அவர் விரல் அந்த இடுக்கில் நுழையவில்லை, என்னுடையது நுழைந்தது. ஏழாவது பின் பிடிவாதமாக இருந்தது. நகம் ஒடிந்தது, பின் வந்தது. திருப்பிச் செருகி, ஃபியூஸைப் போட்டு, புதுக் காகிதம் ஒட்டி, மறுபடி அதே நாடா. மெஷின் மேலிருந்து கீழே ஒரு கோடு இழுத்தது. அடியில் வலப்பக்கமாகத் திரும்பியது. L.

ராவிடம் சொல்ல மூச்சிரைக்க ஓடி வந்தேன். அவரை நர்ஸ் அதற்குள் கட்டிலுக்குக் கூட்டிப் போய்விட்டாராம். முதலாளி ரிசீவரை என்னிடம் நீட்டினார்.

"நேரா வந்துதாம்மா?" என்றார் வரதன் சார்.

"வந்துடுச்சு சார்."

"நீ அந்தாண்ட ஓடினதுலேருந்து ஒரு காலும் குடுக்கலை நான். பத்துப் பேர் திட்டிண்டிருப்பான்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை வந்தவர்கள் தங்கள் நாடாவைப் போட்டார்கள், தட்டு வெட்டினார்கள், திருப்பித் திருப்பி அளந்தார்கள். கன்ட்ரோலரைச் செட் பண்ணியது யார் என்று ஒருவர் கேட்டார். எங்க டைப்பிஸ்ட்டு என்றார் முதலாளி. ஜோக் என்று நினைத்து அவர் சிரித்தார், நாங்களும் மரியாதைக்குச் சிரித்து வைத்தோம். வேலை கிடைத்தது. ராவ் தேறி வந்து மிச்சம் இருந்ததையெல்லாம் ஒழுங்கு பண்ணிக் கொடுத்தார். வாசனை விஷயத்தைக் கேட்க வந்த அப்பாவிடம் முதலாளி சொன்னார்: "உம் பொண்ணு டைப்புதான் அடிக்குதுப்பா. இன்னா, அது அடிச்சா இரும்பு வெட்டுது." அப்பா பட்டறை வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஒரு ஃபேனாவது போட்டுக் குடுங்க என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

பட்டறை இருந்த இடத்தில் இன்று பட்டுக்கடைக்கு வருகிறவர்களின் வேன்கள் நிற்கின்றன. காகித நாடா போயிற்று, பின்கள் போயின. தாவீது அண்ணனும் போய்விட்டார். எஸ்.டி.டி. வந்த புதிதில் ஆபீஸிலிருந்து ஆபரேட்டர் இல்லாமல் நானே எண்களைச் சுழற்றி மெட்ராஸுக்குப் பேசினேன். எடுத்த எடுப்பில் கிடைத்தது, ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாகக் கேட்டது. யாருக்கு என்ன ஆச்சு என்று நடுவில் ஒருவரும் கேட்கவில்லை. பேசி முடித்து வைத்துவிட்டு, மறுபடி எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தேன். ஙொய்யென்ற சத்தம் மட்டும்.

வரதன் சாரை நான் கடைசிவரை பார்த்ததே இல்லை. வரதர் கோயில் கருட சேவைக் கூட்டத்தில் எத்தனையோ முறை என் பக்கத்திலேயே நின்றிருக்கலாம். வாயைத் திறந்திருந்தால் கண்டுபிடித்திருப்பேன்.