இரண்டு அப்பாக்களுக்கு ஒரு பாய்மரப் படகு

டிராவல்ஸ் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்: போன இடம் நன்றாக இருந்தால் அது கடவுள் செயல், அங்கே கொசு கடித்தால் அது நம் செயல்.

சிதம்பரத்தில் என் ஆபீஸ். காசி, வேளாங்கண்ணி, துபாய் டிக்கெட் என்று நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்தது. சக ஏஜெண்டுகளே, உங்களில் யாராவது பாய்மரப் படகு வாடகைக்குப் பேசிக் கொடுத்திருக்கிறீர்களா? இல்லையென்றால் படியுங்கள். கொடுத்திருந்தால் ஒரு சோடா குடித்துவிட்டுப் படியுங்கள்.

படகு எதற்கு?

கேட்டு வந்தவள் யாழினி. சேத்தியாத்தோப்பு ரைஸ்மில் தணிகாசலத்தின் மகள். கடலூர் முதுநகர் சவரிமுத்துவின் மகனைக் காதலித்துக் கட்டிக்கொண்டவள். சவரிமுத்து ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மாக்கள் இரண்டு பேரும் தினமும் போனில் பேசிக்கொள்கிறார்கள். அப்பாக்கள் மட்டும் கல்யாணத்திலிருந்து ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒருவர் வாசலில் நுழைந்தால் மற்றவர் செருப்பைத் தேடுவார்.

அடுத்த மாதம் சென்னையில் யாழினியின் புது வீட்டுக்குப் பால் காய்ச்ச வேண்டும். அந்த ஆள் வந்தால் நான் வரமாட்டேன் என்று இருவரும் சொல்லியாயிற்று. அதற்குள் மலேசியாவில் இருக்கிற லங்காவித் தீவுகளுக்கு எல்லோரையும் மூன்று நாள் படகில் கூட்டிப்போக வேண்டும் என்றாள். நல்ல ரிசார்ட்டாகப் பார்க்கட்டுமா என்று கேட்டேன்.

"ரிசார்ட்டுன்னா ஆளுக்கொரு ரூமுக்குள்ள போயி கதவ சாத்திக்குவாங்கக்கா. படகுல எங்க போவாங்க?"

மடிக்கிற பை

படகுக் கம்பெனிக்காரர்கள் கறாராகச் சொல்லிவிட்டார்கள்: சக்கரம் வைத்த பெட்டி கூடாது, உள்ளே வைக்க இடம் கிடையாது, மடித்து ஓரத்தில் செருகுகிற பைதான் வேண்டும். கட்டிய பணம் திரும்ப வராது என்று அம்மாக்கள் சொன்னதில் அப்பாக்கள் இருவரும் கிளம்பச் சம்மதித்திருந்தார்கள். இரண்டு வீட்டுக்கும் போன் போட்டு அப்படியே சொன்னேன். சவரிமுத்து கடைக்குப் போய்த் துணிப்பை வாங்கிக்கொண்டார்.

ஏர்போர்ட்டிலிருந்து யாழினி போட்டோ அனுப்பினாள். தணிகாசலம் மொத்த உடுப்பையும் சொந்த மில்லின் புத்தம்புது அரிசி மூட்டைப் பைகளில் கட்டி, சணலால் வாயைத் தைத்துக் கொண்டுவந்திருந்தார். மேலே கொட்டை எழுத்தில் 'பொன்னி புழுங்கல்'. ஸ்கேன் செய்கிற இடத்தில் தைத்ததைப் பிரிக்கச் சொல்லியிருக்கிறார்கள். நான் பதறிப்போய் அவரைக் கூப்பிட்டால், அவர் குரலில் பெருமைதான் இருந்தது.

"மடிக்கிற பை கேட்டல்ல? எப்படி மடியுது பாரு. அந்த ஆளு பை இப்படி மடியுமான்னு கேளு."

ராகு காலம்

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குக் கிளம்பினால்தான் கடல் நீர் ஏறியிருக்கும்போதே வெளியே போகமுடியும் என்று மலாய்க்காரக் கேப்டன் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு ராகு காலம். தணிகாசலம் படகுத்துறையில் மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டார். படகு போனால் அவர் இல்லை, அவர் வந்தால் படகு இல்லை. யாழினி அழாத குறையாகப் போன் போட்டாள்.  இவர் ஏறாவிட்டால் அந்தப் பெண் போட்ட திட்டமெல்லாம் வீண்.

போனை அவரிடம் கொடுக்கச் சொன்னேன். "நீங்க நம்ம ஊரு ஆளு. ராகு உங்களுக்கு நம்ம ஊரு நேரத்துலதான் வருவாரு. இங்க இப்ப எட்டேகால்தான் ஆவுது" என்றேன். சாஸ்திரத்தில் இதற்கு இடமுண்டா என்று எனக்குத் தெரியாது. மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஏறிவிட்டார். உடனே ஏற்கெனவே படகில் இருந்த சவரிமுத்துவிடமிருந்து எனக்குத் தனியாக ஒரு போன்.

"மேடம், உங்க டைம் கணக்கெல்லாம் இருக்கட்டும். அந்த ஆளு ஏறுனதுலேர்ந்து படகு ஒரு பக்கமா சாயுது."

மூன்றடி தூரத்துக்கு ஒரு தபால்காரி

அன்று சாயங்காலத்திலிருந்து நான்தான் தபால்காரி. இருவரும் ஒரே பெஞ்சில் மூன்றடி இடைவெளியில் உட்கார்ந்திருக்கிறார்கள். இவர் சொல்வதை அவருக்குச் சொல்ல எனக்குச் சிதம்பரத்துக்குப் போன் வருகிறது. "காலை நீட்ட வேணாம்னு அந்த ஆளுகிட்ட சொல்லும்மா." "குறட்டைய நிறுத்தச் சொல்லுங்க மேடம்." இவர் பேசுவது அவர் போனிலும் எனக்குக் கேட்கும்.

மறுநாள் காலையில் பெரிய பிரச்சினை. படகில் நல்ல தண்ணீர் ஒரு தொட்டிதான். கடலில் குதித்துக் குளித்துவிட்டு, மேலே கொஞ்சம் நல்ல தண்ணீர் ஊற்றிக்கொள்ள வேண்டும் என்பது அங்கே வழக்கம். நம் ஆட்களோ விடிந்ததும் எண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டு, ஒருவர் பின் ஒருவராகத் தலைமுழுகியிருக்கிறார்கள். தொட்டி அடிமட்டத்துக்குப் போய்விட்டது. கேப்டன் குழாயை மூடிவிட்டார். இரண்டு பேரும் அடுத்தடுத்து என்னைக் கூப்பிட்டார்கள், இரண்டு பேரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள்.

"அந்த ஆளுதாம்மா ஜாஸ்தி ஊத்திக்கிட்டது."

போன் வராத நாள்

அதற்குப் பிறகு ஒரு போனும் இல்லை. மூன்றாம் நாள் மதியம் வரை இல்லை. அவர்கள் தொல்லை ஒழிந்தது என்று நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். நானோ, ஒருவரை ஒருவர் தண்ணீரில் தள்ளிவிட்டார்களோ என்றுகூட நினைத்தேன். 

மூன்று மணிக்குப் போன் வந்தது. எடுத்ததும் தணிகாசலம் பிடித்துக்கொண்டார். "ஏம்மா, தண்ணியில்லாத படகுல எங்கள ஏத்திவிட்டுட்டு நீ ஃபேனுக்கு அடியில உக்காந்திருக்கியா?" பின்னாலிருந்து இன்னொரு குரல், "அப்படிக் கேளுங்க சம்பந்தி" என்றது. அது சவரிமுத்து. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பின்னால் யாழினி சிரிக்கிற சத்தம் வேறு.

குழாயைத் திறக்கச் சொல்லி இரண்டு பேரும் சேர்ந்தே கேப்டனிடம் சண்டைக்குப் போயிருக்கிறார்கள். தணிகாசலம் நியாயத்தை எடுத்துக் கொடுக்க, சவரிமுத்து ரயில்வே இங்கிலீஷில் விளாசியிருக்கிறார். கேப்டன் அசையவில்லை. இருவருக்கும் பொதுவாக ஒரே ஒரு வாளி கொடுத்திருக்கிறார். ஒருவர் முதுகுக்கு மற்றவர் ஊற்றிக் குளித்து முடித்த கையோடு எனக்குப் போன். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், தணிகாசலம் விடவில்லை.

"நானும் சம்பந்தியும் பேசி முடிவு பண்ணிட்டோம். பால் காய்ச்ச ஒரே கார்ல போறோம். ஒங்கிட்ட இனிமே ரெண்டு குடும்பமும் டிக்கெட் போடாது."

இரண்டு குடும்பங்களை ஒன்றாகச் சேர்த்து வைத்து, அந்த இரண்டையும் ஒரே போனில் இழந்த ஏஜெண்ட் இந்தக் கடலூர் மாவட்டத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.