விசிறி வைத்த விமானம்

நைனார்பாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் சுபஸ்ரீ முதலில் பார்த்தது தன் முகத்தைத்தான். மாடி உயரத்துக்கு ஒரு பேனர். அதில் அவள் வெள்ளைச் சட்டையில் சிரித்துக்கொண்டிருந்தாள். தோளில் நாலு தங்கப் பட்டை. நாலு பட்டை என்பது கேப்டனுக்கு உரியது, அவள் இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை. தலைக்கு மேலே ஒரு ராட்சத ஜெட் விமானம். ‘ஆஸ்திரேலியாவில் ஜெட் விமானம் ஓட்டப்போகும் எங்கள் குலவிளக்கே!’ என்று எழுதி, சுற்றிலும் சொந்தக்காரர்களின் தலைகளை வட்டம் வட்டமாகப் போட்டிருந்தார்கள். எல்லாவற்றிலும் பெரிய வட்டம் சித்தப்பா அன்புச்செல்வனுடையது.

கூத்தைக் கேளுங்கள். அவள் இன்னும் எந்தக் கம்பெனிக்கும் கையெழுத்தே போடவில்லை.

நடந்தது இதுதான். ஆஸ்திரேலியாவில் ஒரு பயிற்சிப் பள்ளியில் விமானம் ஓட்டச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த அவளை இரண்டு கம்பெனிகள் வேலைக்குக் கூப்பிட்டன. இரண்டுமே பெரிய நகரத்திலிருந்து சிற்றூர்களுக்குப் பறப்பவை. ஒன்றிடம் ஜெட் இருந்தது. மற்றொன்றிடம் இறக்கைக்கு ஒரு விசிறி சுற்றும் சின்ன விமானங்கள். “ரெண்டு எடத்துல கூப்ட்டுருக்காங்கம்மா, ஒண்ணு ஜெட்டு” என்று அம்மா காசியம்மாளிடம் போனில் சொன்னாள். அம்மா அதைச் சித்தப்பாவிடம் சொன்னார். சித்தப்பாவுக்கு ‘ஜெட்டு’ மட்டும்தான் காதில் விழுந்தது. நேரே கள்ளக்குறிச்சிக்குப் போய் பேனர் அடித்துவிட்டு வந்தார். எங்கள் பக்கத்தில் நல்ல சேதி என்றால் முதலில் பேனர், அப்புறம்தான் விவரம்.

சித்தப்பா பேரனுக்கு ஞாயிற்றுக்கிழமை காதுகுத்து. அதற்காகத்தான் அவள் விடுப்பில் வந்திருந்தாள். அன்றைக்குள் இரண்டு கம்பெனிகளுக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

சுபஸ்ரீ யாருடைய பேச்சையும் அப்படியே எடுத்துக்கொள்கிற ஆள் இல்லை. பள்ளியில் வாத்தியார் “நர்சிங் எடும்மா, பொண்ணுங்களுக்கு அதான் நல்லது” என்றபோது முடியாது என்று முகத்துக்கு நேரே சொன்னவள். கண்ணாடி போட்டவளைப் பைலட்டாக எடுக்க மாட்டார்கள் என்று ஊரே அடித்துச் சொன்னது. அவள் சென்னைக்கு பஸ் ஏறி, பைலட்டுகளைப் பரிசோதிக்கும் டாக்டரிடமே கேட்டு, எடுப்பார்கள் என்று தெரிந்துகொண்டு வந்தாள். இந்தக் கம்பெனிகளையும் அவள் அப்படித்தான் கேட்டாள்.

அங்கே அவளுக்கு வேலை விசா வாங்கித் தருவதே கம்பெனிதான். கம்பெனி கைவிட்டால் வேறு இடம் தேடக் கொஞ்சம் அவகாசம் உண்டு, கிடைக்காவிட்டால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். அதனால் இரண்டு நேர்காணலிலும் ஒரே கேள்வியைப் போட்டாள்: “நாளைக்கு நீங்கள் விமானங்களைக் குறைத்தால் முதலில் யாரை வீட்டுக்கு அனுப்புவீர்கள்?” ஜெட் கம்பெனி அம்மாள் சிரித்து மழுப்பினாள். விசிறிக் கம்பெனியின் தலைமை பைலட் சிரிக்கவில்லை. “கடைசியாகச் சேர்ந்தவரை. பாஸ்போர்ட் எந்த நாடு என்று பார்ப்பதில்லை” என்றவர், ஒப்பந்தத்தில் அந்த வரியைத் தொட்டுக் காட்டினார். ஜெட் கம்பெனியில் முன்பு வேலை பார்த்த ஒரு பிலிப்பைன்ஸ்காரரையும் தேடிப் பிடித்துப் பேசினாள். அங்கே ஆள் குறைத்தபோது, விசாவில் வந்தவர்களைத்தான் முதலில் கழித்துக்கட்டினார்களாம். பள்ளி ஆண்டின் நடுவிலேயே பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஊர் திரும்பினாராம் மனிதர்.

இதையெல்லாம் வீட்டில் சொன்னாள், பேனரில் போட்ட நாலு பட்டையும் பொய் என்றாள். சித்தப்பா காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

“விசிறி வெச்ச ஏரோப்ளேனா? அது மலைக்குப் போற மினி பஸ்ஸு மாதிரி இல்ல கீது!”

“வெள்ளிமலை ரோட்டுல பஸ் ஓட்டிப் பாருங்க சித்தப்பா. பைபாஸ்ல ஓட்றவன் முதல் வளைவுலயே எறங்கி ஓடிடுவான்.”

“ஊரு பூரா சொல்லிக்கினு திரியறேன், பாப்பா. என் மானம் இன்னா ஆவறது?”

“என்னைத் தொரத்துனா என் பொழப்பு இன்னா ஆவறதுங்க?”

அப்பா தமிழரசன் மரவள்ளிக் காட்டிலிருந்து வந்த காலைக் கழுவிக்கொண்டே, “ஜெட்டே இருந்துட்டுப் போவட்டுமேம்மா” என்றார். டீக்கடையில் நாலு பேர் அவரை ‘ஜெட்டுக்காரர்’ என்று கூப்பிடத் தொடங்கியிருந்தார்கள். அந்தப் பெயர் அவருக்குப் பிடித்திருந்தது. சித்தப்பா பேசியதைவிட அதுதான் அவளுக்கு வலித்தது.

ஞாயிற்றுக்கிழமை மண்டப வாசலிலும் அதே பேனர், அளவில் மட்டும் சின்னது. குழந்தைக்குக் காது குத்தி, அழுகை அடங்கியதும், சித்தப்பா மைக்கைப் பிடித்து ஜெட் புராணம் பாடி, அவளுக்குச் சால்வை போர்த்தினார். “பாப்பா ரெண்டு வார்த்தை பேசும்” என்று மைக்கை நீட்டினார்.

“எல்லாருக்கும் வணக்கங்க. வாசல்ல இருக்கிற ஏரோப்ளேன நான் ஓட்டப் போறதில்லைங்க” என்றாள் சுபஸ்ரீ. “அந்தக் கம்பெனி, கஷ்டம் வந்தா விசாவுல வந்தவங்களத்தான் மொதல்ல வெளிய தள்ளும். நான் சின்ன ஏரோப்ளேன் கம்பெனிக்குப் போறேன். விசிறி வெச்சது. சிரிக்கறவங்க சிரிச்சுக்குங்க.”

சிலர் சிரிக்கவும் செய்தார்கள். சித்தப்பா மைக்கைப் பிடுங்கி, “பாப்பா வெளையாடுது” என்று சமாளித்தார். அவள் மேடையிலேயே போனை எடுத்து, ஒப்பந்தத்தைத் திறந்து, எல்லோரும் பார்க்க விரலால் கையெழுத்துப் போட்டாள். அனுப்பியும் விட்டாள். ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

இறங்கியவள் நேரே பந்தி நடந்த இடத்துக்குப் போய், வாழை இலை நறுக்கும் கத்தியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, எட்டியவரை ஜெட்டின் வாலில் கத்தியை இறக்கினாள். நாற்காலி ஆடியது. பின்னால் யாரோ வேகமாக வரும் சத்தம். அப்பா. தடுக்கத்தான் வருகிறார் என்று நினைத்து, “விடுப்பா!” என்று கத்தினாள்.

அவர் நாற்காலியின் காலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். “உளுந்துடப் போற. நின்னு அறு” என்றார்.

அவள் நிதானமாக அறுத்தாள். ஜெட் இரண்டாகக் கிழிந்து தொங்கியது. அப்பா அதை இழுத்துச் சுருட்டி, மக்காச்சோளக் குவியலை மூட ஆகும் என்று அக்குளில் இடுக்கிக்கொண்டார். பிறகு நிமிர்ந்து மகளின் படத்தைப் பார்த்தார்.

“தோள்ல அந்த நாலு பட்ட? அதுவும் பொய்யின்னு சொன்னியே. அதையும் எடுத்துடு.”

சுபஸ்ரீ கீழே இறங்கி, கத்தியை அவர் கையில் கொடுத்தாள்.

“அது கெடக்கட்டும்ப்பா. அத நான் வாங்கிக்கினு வர்றேன்.”